இரும்பு படாத குளம்பு

1973 ஆம் ஆண்டு பெப்ரவரி 10, சனிக்கிழமை. விடியுமுன் எழுந்து கிணற்றடியில் முகம் கழுவினேன். முற்றத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்தேன். சீனி தட்டுப்பாடான காலம் என்பதால் பனங்கட்டித் துண்டு ஒன்றைக் கடித்தபடி தேநீர் குடித்தேன். கறுப்பு மறி, சிவப்பு மறி என்ற இரண்டு பெண் ஆடுகளிலும் பால் கறந்து, காய்ச்சி, மூடி வைத்தேன். கொட்டிலைக் கூட்டி, ஆடுகள் தின்று மிஞ்சிய குழைத் தண்டுகளை எருக்கும்பியில் போட்டேன்.

அன்று பள்ளிக்கூடம் இல்லை. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமையில் ஆடுகளுக்குக் குளம்பு வெட்டுவது என் வழக்கம். நான் தையல் ரீச்சர். துணியோ குளம்போ, அதற்கென்று ஒரு நாள் குறித்து வைத்திருந்தால்தான் வெட்டு நேராக வரும் என்பது என் எண்ணம்.

முதல்நாள் மாலையே கொட்டில் வாசலில் தண்ணீர் ஊற்றிவிடுவேன். ஈரமண்ணில் நின்றால் குளம்பு இளகும். காய்ந்த குளம்பில் கத்தி வழுக்கிக் கைக்கு வரும். நான் பாவிப்பது சத்தகம், பாய் இழைக்கிறவர்கள் ஓலை வாரும் சின்னக் கத்தி. ஆட்டைப் பூவரசோடு குறுகக் கட்டி, அதன் வாலை நோக்கித் திரும்பி நின்று, காலைப் பின்னுக்கு மடக்கி என் முழங்கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொள்வேன். பிளவுக்குள் இறுகிய மண்ணையும் புழுக்கையையும் ஈர்க்கால் கிளறி எடுத்துத் தேங்காய்த் தும்பால் துடைப்பேன். அப்போதுதான் விளிம்பு உள்ளுக்கு எவ்வளவு மடிந்திருக்கிறது என்று தெரியும். மடிந்ததை மெல்லிய சீவல்களாகச் சீவ வேண்டும். இளஞ்சிவப்பு எட்டிப்பார்க்கும் இடத்தில் கையை நிறுத்திவிட வேண்டும், அதற்கு அடுத்தது இரத்தம். கடைசியில் வேப்பெண்ணெய் பூசி விட்டுவிடுவேன். கறுப்பு மறி ஒவ்வொரு மாதமும் இதை முதன்முறை காண்பதுபோலக் கத்தும். சிவப்பு மறி என் சேலைத் தலைப்பை மென்றுகொண்டு நிற்கும்.

இரண்டும் முடிந்தபோது வெயில் கூரைக்கு ஏறியிருந்தது. மூன்றாவது ஆட்டுக்கு நான் குளம்பு வெட்டுவதில்லை. அது கிடாய். வைரவருக்கு நேர்ந்தது.

அந்த நேர்த்திக்கடன் என்னுடையதல்ல, மச்சாளுடையது. என் கணவரின் மூத்த சகோதரி. விதவையானபின் எங்களோடுதான் இருந்தார். கணவர் கொழும்பில் கந்தோர் ஒன்றில் வேலை, மாதம் ஒருமுறை மெயில் வண்டியில் வருவார். ஆகவே, உடுவில் என்ற ஊர்ப் பக்கத்தில் இருந்த அந்த வளவில் மற்ற நாள்களில் நாங்கள் இரண்டு பெண்களும் ஆடுகளும்தான். இரண்டு வருடங்களுக்கு முன் கணவருக்கு நெருப்புக்காய்ச்சல் வந்து, கொழும்பு ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிக் கிடந்தார். நான் அவருடைய கட்டிலருகில் இருந்தேன். மச்சாள் ஒழுங்கை முடிவில் இருக்கும் வைரவர் கோயிலுக்குப் போய், தம்பி எழும்பி நடந்தால் வேள்விப் பலிக்கு ஒரு கரும்கிடாய் தருவேன் என்று நேர்ந்தார். கணவர் எழும்பி நடந்தார். அந்த வருடம் கறுப்பு மறி போட்ட குட்டி கரும்கிடாய்க்குட்டி. மச்சாளுக்கு அதற்குமேல் ஓர் அத்தாட்சி தேவைப்படவில்லை.

நேர்ந்த கிடாய்க்கு எங்கள் பக்கத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வேள்வி நாள்வரை அதன் உடம்பில் இரும்பு படக்கூடாது. காது குறி வெட்டக்கூடாது, மயிர் கத்தரிக்கக்கூடாது, குளம்பும் அப்படியே. பட்டால் அது பழுது. நொண்டியும் பழுது. முந்தின வருடம் ஒரு பெண் கொண்டுபோன கிடாயைக் காது கிழிந்திருக்கிறது என்று சொல்லிக் கோயில் வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கை நீளத்துக்கும் அழுதுகொண்டு போனதை நாங்கள் இருவரும் எங்கள் வாசல் படலையில் நின்று பார்த்தோம். "நேர்ந்ததைக் குடுக்காட்டில், வந்த காய்ச்சல் திரும்பி வரும்" என்று மச்சாள் அப்போது சொன்னார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொன்னாரா என்று தெரியவில்லை.

வேள்வி ஆனியில். அதற்கு முந்திய கார்த்திகை மார்கழி மழையில் கொட்டில் சேறாகிவிட்டது. சேற்றில் நின்ற கிடாயின் முன்னங்குளம்புகள் நீண்டு, நுனி மேலே வளைந்து, கூத்துக்காரரின் சப்பாத்துப்போல வந்தன. தைப்பொங்கலுக்குள் அது முழங்காலில் மண்டியிட்டுத்தான் குழை தின்றது. நான் விஷயத்தைச் சொன்னேன். குளம்பு வளர்ந்திருக்கிறது, உள்ளே சேறு அடைத்திருக்கிறது, வெட்டினால் சரியாகும். மச்சாள் கேட்கவில்லை. முதலில், பக்கத்து வளவுக்காரன் கல் எறிந்திருப்பான் என்றார். பிறகு, அவனுடைய கண்ணூறு என்றார். கிடாயின் கழுத்தில் எலுமிச்சம்பழம் கட்டினார். தண்ணீர் ஓதுவித்துத் தெளித்தார். என்னைக் கிடாயின் காலுக்குப் பக்கத்தில் போகவே விடவில்லை. கிடாயை அவிழ்ப்பது, கட்டுவது, குழை போடுவது எல்லாம் அவரே.

பக்கத்து வளவுக்காரன் அந்நியன் அல்ல. கணவரின் சித்தப்பா மகன், எனக்கு மச்சான் முறை. மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் காணாதென்று அவர் போன ஆவணியில் கிணற்றை ஆழமாக்கினார். வெட்டி எடுத்த வெள்ளைச் சுண்ணாம்பு முருகைக்கல்லை எல்லாம் எங்கள் கிழக்கு வேலியோடு கொண்டுவந்து குவித்தார். மழைக்கு மண் கரைய, குவியல் சரிந்து, வேலியாக நட்டிருந்த கிளுவைக் கதியால்களைச் சாய்த்துக்கொண்டு எங்கள் பக்கம் உருண்டது. எடுக்கச் சொன்னோம். "எடுக்கிறன்" என்றார். எடுக்கவில்லை. கணவர் கொழும்பிலிருந்து கடிதம் போட்டார். அதற்குப் பதில் வரவில்லை. வேலியில் ஆள் போய்வர இருந்த பொட்டை மச்சாள் தென்னோலைக் கிடுகு வைத்து அடைத்து, முள்ளும் கட்டி, "உவனோடை இனி ஒருத்தரும் கதைக்கக்கூடாது" என்று சட்டம் போட்டார். எனக்கு அந்தச் சட்டத்தில் கருத்து வேறுபாடு இல்லை. கல் எங்கள் நிலத்தில் மூன்று முழம் வந்திருந்தது. கிடாய் நடக்காவிட்டாலும் எங்கள் ஊரில் வேலி நடக்கும். கல் கிடந்த இடத்தில் புல் முளைக்கும், புல்லுக்கு அப்பால் ஒரு புதுக் கதியால் முளைக்கும், பிறகு அதுதான் எல்லை என்று சாட்சி சொல்ல ஆளும் முளைக்கும்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். மறிகளை விட்டுவிட்டுச் சத்தகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கிடாயைப் பார்த்தேன். அது நாலு காலில் நேராக நின்றது. மச்சாள் சில நாள்களாகவே "பழம் வேலை செய்யுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலையில் இருட்டோடு பள்ளிக்கூடத்துக்குப் போய் மாலையில் திரும்புகிறவளுக்குக் கிடாயின் காலைப் பார்க்க நேரம் ஏது? இப்போது போய்க் குனிந்து, முன்னங்காலைத் தூக்கினேன். வளைந்த நுனியைக் காணவில்லை. உள்ளே மடிந்திருந்த விளிம்பையும் காணவில்லை. துணியை அளக்காமலே அங்குலம் சொல்லக்கூடிய கண் எனக்கு. பொங்கலன்று கண்ட குளம்பில் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் போயிருந்தது.

யாரோ வெட்டியிருக்கிறார்கள். அந்த எண்ணம் எனக்கு வந்ததும், எனக்குப் பின்னால் மச்சாளின் நிழல் விழுந்ததும் ஒரே நேரம்.

"என்ன செய்யிறீர்?"

"பாக்கிறன் மச்சாள்."

"கையிலை கத்தியோடை பாக்கிறீர்."

அப்போதுதான் சத்தகம் இன்னும் என் வலக்கையில் இருப்பதை உணர்ந்தேன். இடக்கையில் கிடாயின் கால். மச்சாள் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தார். 

"எங்கை இதின்ரை குளம்பு?"

"அதைத்தான் நானும் பாக்கிறன். நான் தொடேல்லை."

"இந்த வளவிலை குளம்பு வெட்டத் தெரிஞ்ச ஆள் ஆர்? நானோ? இல்லாட்டில் காகம் வந்து வெட்டினதோ?"

"மச்சாள், வெட்ட வேணுமெண்டால் முகத்துக்கு நேரை சொல்லிப்போட்டு வெட்டியிருப்பன்."

"சொன்னனீர்தானே? பொங்கலண்டு தொடக்கம் வெட்டவேணும், வெட்டவேணும் எண்டு சொன்னனீர். நான் விடேல்லை. இப்ப வெட்டுப்பட்டுக் கிடக்குது. பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு." அவர் கொட்டில் காலைப் பிடித்துக்கொண்டார். "இரும்பு பட்டிட்டுது. தம்பிக்காக நேர்ந்த கிடாய். இனி நான் ஆனிக்கு எதைக் கொண்டுபோவன்?"

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. வேறொன்று சொன்னார்.

"நாளைக்கு விடிய வைரவரடிக்கு வாரும். நான் சூடம் கொளுத்திறன். அதை அணைச்சு 'நான் வெட்டேல்லை' எண்டு சொல்லும். அது காணும் எனக்கு."

சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணுவது சின்ன விஷயமல்ல. பொய்யென்றால் கேடு வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் சொல்வார்கள், உண்மையென்றாலும் சத்தியம் பண்ணிய வீட்டுக்கு ஆகாது என்று. கணவனின் உயிருக்காக நேர்ந்த கிடாயைப் பற்றி மனைவி சத்தியம் பண்ணுவதென்றால் கேட்கவே வேண்டாம். பண்ணினால் கணவருக்கு ஆகாது. பண்ணாவிட்டால், வெட்டியது நான்தான் என்று ஆகிவிடும். அடுத்த மாதம் அவருக்கு ஒரு சளித் தடிமல் வந்தாலும் அது என் சத்தகத்தால் வந்ததாகத்தான் இருக்கும், ஆயுள் முழுக்க.

"வாறன்" என்றேன். "அதுக்கு முதல் குளம்பைத் தடவிப் பாருங்கோ."

"எனக்கென்னத்துக்கு?"

"தடவுங்கோ."

அவர் சோற்றுப் பருக்கையைப் பதம் பார்ப்பதுபோல இரண்டு விரலால் தொட்டார்.

"சொரசொரக்குது."

"இப்ப வாங்கோ, கறுப்பியின்ரை குளம்பைத் தொடுங்கோ. நான் காலமை வெட்டினது."

மறியின் குளம்பு கண்ணாடிபோல வழுவழுத்தது. மச்சாள் திரும்பிப் போய்க் கிடாயினதைத் தொட்டார். பிறகு மறியினதை. மறுபடியும் கிடாயினதை. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் மச்சாள் எளிதில் விடுகிறவர் அல்ல.

"அரத்தாலை அராவினாலும் சொரசொரக்கும்" என்றார். "அரம் இரும்பில்லையோ?"

"எங்கடை வீட்டிலை அரம் எங்கை இருக்கு?"

சொல்லிவிட்டு நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு இருவரும் கிழக்கு வேலியைப் பார்த்தோம். பக்கத்து வளவு மச்சான் மாலைதோறும் கிணற்றுக்கட்டில் இருந்து மண்வெட்டியை அராவுவார். அந்தக் கிறீச்சென்ற சத்தம் எங்கள் அடுப்படிவரை கேட்கும்.

கிடாயின் குளம்புப் பிளவுக்குள் ஈர்க்கை விட்டுக் கிளறினேன். சேறு வரவில்லை. வெள்ளையாக மாவுபோல ஒரு தூள் வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வேலிப் பக்கம் போனேன். சரிந்து கிடந்த கற்களுக்கு நடுவில் இலை உரித்த தண்டுகள் கிடந்தன. சில காய்ந்தவை, சில பச்சை. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். முள்முருக்கை. எங்கள் வேலியில் கிளுவையும் பூவரசும்தான் உண்டு. முள்முருக்கை முழுக்க அவருடைய பக்கம்.

மச்சாள் தண்டைக் கையில் வாங்கி முகர்ந்தார்.

"குழை காட்டிக் கூப்பிட்டிருக்கிறான்" என்றார் குரலைத் தாழ்த்தி. "காலைப் பிடிச்சு அராவினவன், வாய்க்குள்ளை என்னத்தை வைச்சானோ? கொஞ்சம் கொஞ்சமா மருந்து வைக்கிறான். ஆனிக்கு முதல் விழுத்திப்போடுவான்."

கிடாய் ஏப்பம் விட்டு அசைபோட்டது. மருந்து தின்ற ஆடாக எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் நான் மறுத்துப் பேசவில்லை. மச்சாளின் சந்தேகம் என்னை விட்டு வேலி தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, நான் ஏன் அதை மறிக்க வேண்டும்? தவிர, எனக்கும் அந்த மனிதரில் நம்பிக்கை இல்லை. கல்லைத் தள்ளியவர் குழையை நீட்டுகிறார் என்றால், அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேம்பின் நிழல் கிழக்கு வேலிப் பக்கம் சாய்ந்துவிடும். அந்த நேரத்தில் மச்சாள் கிடாயை அங்கே மாற்றிக் கட்டிவிட்டுப் படுப்பார். சனிக்கிழமைகளில் நான் நூல் வாங்கவோ, பங்கீட்டு அரிசிக்குக் கூப்பன் கடைக்கோ போவேன். வேலிக்கு அப்பால் இருப்பவருக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்காது.

"இண்டைக்கும் அப்பிடியே செய்வம்" என்றேன். "நீங்கள் கட்டிப்போட்டு உள்ளை போங்கோ. நான் குடையோடை படலையாலை போய், பின் ஒழுங்கையாலை வந்து கிணத்தடி மறைப்புக்குள்ளை நிக்கிறன்."

"நானும் நிக்கிறன்."

"ரெண்டு பேர் நிண்டால் சத்தம் வரும்."

"நீர் தனிய நிண்டால், நீர் கண்டனெண்டு சொல்லுறதை எல்லாம் நான் நம்பவேணும்" என்றார் மச்சாள்.

ஆகவே இருவரும் நின்றோம். பெண்கள் குளிப்பதற்காகக் கிடுகால் கட்டிய மறைப்பு அது. உள்ளே பாசி வழுக்கியது. மச்சாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு கிடுகு ஓட்டைக்குக் கண் வைத்தார், நான் இன்னொன்றுக்கு. கிடாய் நிழலில் படுத்திருந்தது. நேரம் போயிற்று. மச்சாளின் சுவாசம் என் கழுத்தில் சூடாகப் பட்டது. அவர் வேலியைப் பார்த்ததைவிட என்னைப் பார்த்ததே அதிகம் என்று நினைக்கிறேன். நான் இருமினால்கூட அது அங்கே ஒருவருக்குக் கொடுக்கும் குறிப்பாகிவிடும் என்று பயந்து அடக்கிக்கொண்டேன்.

பிறகு கிடாய் தானாகவே எழுந்தது. காதை உயர்த்தி வேலியைப் பார்த்தது. யாரும் கூப்பிடவில்லை. வேலிக்கு மேலே முதலில் ஒரு தலைத்துண்டு தெரிந்தது, பிறகு மச்சானின் முகம். அவர் தன் பக்கத்துக் கற்குவியலில் ஏறி நின்றார். கையில் முள்முருக்கைக் குழை ஒரு கட்டு. அதை வேலிக்கு மேலால் எங்கள் பக்கம் நீட்டினார், தாழ்வாக அல்ல, கிடாய்க்கு எட்டாத உயரத்தில்.

"வந்திட்டீரோ? பசியோ?" என்றார் கிடாயிடம். "ஏறும். ஏறினால்தான் சாப்பாடு. அந்தக் கல்லு வேண்டாம், அது உருளும். இதிலை ஊண்டும். ஆ, அப்பிடித்தான்."

கிடாய் கற்களில் தாவியது. முன்னங்கால்கள் வழுக்கின, பறண்டின, மீண்டும் பிடித்தன. குளம்பு கல்லில் உரசும் சத்தம், தேங்காய் துருவுவதுபோல, எங்களுக்குக் கேட்டது. வெள்ளைத் தூள் பறந்தது. வாய் குழைக்கு எட்டும் சமயத்தில் அவர் கட்டை இரண்டடி தள்ளிப் பிடித்தார். கிடாய் மறுபடி கல்லுக்குக் கல் தாவியது.

"ரீச்சருக்கு வெட்டத் தெரியும், வெட்ட ஏலாது. அக்கா வெட்டவும் மாட்டா, வெட்ட விடவும் மாட்டா. கடைசியிலை நான்தான் உமக்குச் சப்பாத்துக்காரன். ஏறும் ராசா. அக்கா கண்டாவெண்டால் ஆனியிலை உமக்கில்லை, எனக்குத்தான் வேள்வி."

"டேய்!" என்றார் மச்சாள்.

மறைப்பு ஆட, அவர் வெளியே பாய்ந்து வேலியடிக்குப் போனார், நான் பின்னால். அந்தப் பக்கத்தில் கற்கள் உருளும் சத்தம் கேட்டது. மச்சானின் தலை மறைந்து, சற்று நேரத்தில் துண்டு இல்லாமல் மீண்டும் வந்தது. மழைக்காலம் தொடக்கம் முகம் பாராதவர்கள் நேருக்கு நேர் நின்றார்கள், நடுவில் கற்குவியலின் உச்சியில் கிடாய் குழை தின்றுகொண்டிருந்தது.

"என்ன குடுக்கிறாய் என்ரை கிடாய்க்கு?"

"குழை."

"குழைக்குள்ளை என்ன?"

"குழைக்குள்ளை என்ன இருக்கும், அக்கா?"

"தின்னு பாப்பம்."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் உதவிக்குப் போகவில்லை. அவர் ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார்.

"முழுங்கு" என்றார் மச்சாள்.

விழுங்கினார். "உப்பில்லை" என்றார்.

"அரத்தை எங்கை ஒளிச்சு வைச்சிருக்கிறாய்?"

"ஆருக்கு அரம்? கல்லுத்தான் அக்கா அரம். தீவுப் பக்கத்து ஆடுகளைப் பாருங்கோ, நாள் முழுக்கக் கல்லுக்கு மேலைதான் மேயிது. ஆரேன் உட்கார்ந்து அதுகளுக்குக் குளம்பு வெட்டுகினமோ? நான் உங்கடை கிடாயைக் கையாலை தொடவும் இல்லை. தன்ரை காலைத் தானே தேய்ச்சது. இரும்பு படேல்லை. வேணுமெண்டால் நான் சூடம் அணைக்கிறன்."

சூடம் என்ற சொல்லைக் கேட்டு மச்சாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

"உனக்கேன் உந்த அக்கறை?" என்றார் மச்சானிடம்.

"பொங்கலண்டு வேலியாலை பாத்தன். முழங்காலிலை நிண்டு தின்னுது." மச்சான் குரலை மாற்றவில்லை. "உங்களோடை கோவம். கிடாயோடை எனக்கென்ன கோவம்? அது அண்ணைக்கு நேர்ந்த கிடாய்."

அத்தோடு முடிந்திருந்தால் நான் அவரை நல்லவர் என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பேன். மச்சாளும் ஒரு கணம் இளகிவிட்டார் என்றுதான் நினைத்தேன், முந்தானையால் மூக்கைத் துடைத்தார். ஆனால் துடைத்து முடித்ததும் கேட்டார்.

"அப்ப உந்தக் கல்லு?"

"எந்தக் கல்லு?"

"எங்கடை காணிக்குள்ளை கிடக்கிற கல்லு."

"ஓ, அதோ" என்றார் மச்சான். "அண்ணையும் கடிதம் போட்டவர். நான்தான் நேரமில்லாமல் விட்டிட்டன். நாளைக்கே ரெண்டு ஆளைப் பிடிச்சு, அலவாங்கும் கொண்டுவந்து, ஒரு துண்டு விடாமல் எடுக்கிறன்." அவர் கிடாயைப் பார்த்தார், பிறகு மச்சாளைப் பார்த்தார். "எடுக்கவோ, அக்கா?"

மச்சாள் கிடாயின் காலைப் பார்த்தார். வேள்விக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. கல்லை எடுத்தால் குளம்பு திரும்ப வளரும், சத்தகம் படக்கூடாது, கிடாய் மறுபடி முழங்காலில் நிற்கும். கல்லை விட்டால் கல் இருக்கும். கல் சரிந்த நாள் தொடக்கம் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்ததை அவர் இப்போது இரண்டு கையாலும் ஏந்தித் தருகிறார், எங்களால் வாங்க முடியவில்லை. அவருடைய முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். இலை கசந்த முகம் மட்டுமே தெரிந்தது.

"ஆனி முடியட்டும்" என்றார் மச்சாள்.

"சரி. ஆனி முடியட்டும்" என்றார் அவரும், மிக மரியாதையாக. "அண்ணி, நீங்களும் கேட்டனீங்கள்தானே? அக்கா தன்ரை வாயாலை சொன்னவ."

குழைக்கட்டின் மிச்சத்தை எங்கள் பக்கம் போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

மாலையில் இருவரும் அடுப்படியில் இருந்தோம். நான் பயறு கொழித்தேன். மச்சாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தினார். அந்தச் சத்தம் அவருக்கும் மதியத்தை நினைவூட்டியிருக்க வேண்டும்.

"உவன் தம்பிக்காகத்தான் செய்தவனோ?"

"தெரியேல்லை மச்சாள்."

"கல்லுக்காகச் செய்தவனோ?"

"அதுவும் தெரியேல்லை."

"ரெண்டுக்கும் சேர்த்துச் செய்திருப்பான். சின்னனிலை தம்பியோடை ஒரு கோப்பையிலை சாப்பிட்டவன். கோப்பையின்ரை பெரிய பங்கு எப்பவும் உவன்ரை பக்கம்தான் இருக்கும்." மீண்டும் துருவத் தொடங்கினார். "எண்டாலும் கிடாய் நடக்குது."

"கல்லும் கிடக்குது."

"ஓம்" என்றார்.

வழக்கமாக மாலையில் கேட்கும் அரச் சத்தம் அன்று கிணற்றுக்கட்டிலிருந்து கேட்கவில்லை. எங்களுடைய சந்தேகத்துக்கு மரியாதை செய்கிறாரா, எங்களைப் பார்த்துச் சிரிக்கிறாரா என்று யோசித்துப் பார்த்தேன். முடிவு காணவில்லை, இத்தனை வருடத்துக்குப் பிறகும் காணவில்லை. அந்தக் கிடாய் ஆனியில் நாலு காலில் நேராகக் கோயிலுக்கு நடந்து போயிற்று, ஒரு பழுதும் சொல்லப்படவில்லை. கயிற்றைப் பிடித்துப் போனவர் மச்சாள். நான் பின்னால் போகவில்லை.

சுவாமித் தட்டில் மச்சாள் எடுத்து வைத்திருந்த சூடக்கட்டி அன்று இரவும் அப்படியே இருந்தது. அதை அணைக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும், முகம் கழுவுமுன், பூவரசங்கட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு கிழக்கு வேலிக்குப் போனேன். எங்கள் காணிக்குள் வந்து கிடந்த கடைசிக் கல்லின் விளிம்போடு ஒட்டி அந்தக் கட்டையை நட்டு, உலக்கையால் இறுக அடித்தேன். கல் இதற்கு அப்பால் ஓர் அங்குலம் நகர்ந்தாலும் எனக்குத் தெரிய வேண்டும். மச்சாள் கொட்டிலிலிருந்து கிடாயை அவிழ்த்துக்கொண்டு வந்து, கயிற்றை அந்தக் கட்டையிலேயே கட்டினார்.